ஜிம்மில் நமக்கு அடுத்து வருபவர்: சிங்கப்பூரில் உடற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. எங்கள் பேட்டை ஜிம்மில் மூன்று பெஞ்சுகள் உண்டு. இரண்டில் ஆள் இருந்தது. மூன்றாவதில் ஒரு துண்டும் தண்ணீர் போத்தலும் மட்டும் கிடந்தன. சுற்றி நாங்கள் நான்கு பேர், கைபேசியைப் பார்ப்பதுபோல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதினெட்டு நிமிடம் கழித்துத் துண்டுக்காரர் வந்தார், அதுவரை பக்கத்தில் கேபிள் கருவியில் எடை இழுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நான் போய்க் கேட்டதும் பதறிப்போய், "கேட்டிருந்தா அப்பவே எடுத்திருப்பேனே அக்கா" என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உண்மையாகத்தான் சொல்கிறார் என்று.

உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்து இடம் பிடித்தே பழகியவர்கள் நாம். அங்கே அது எப்படியோ ஓடுகிறது, ஏனென்றால் வைத்தவர் கொஞ்ச நேரத்தில் தட்டோடு வந்துவிடுவார், எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஜிம்மில் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தால் ஒருவருடைய துண்டு நான்கு பேருடைய மாலை நேரத்தைச் சாப்பிட்டுவிடும். அன்று தவறு அவருடையது மட்டும் இல்லை, வாயைத் திறக்காமல் நின்ற எங்கள் நால்வருடையதும்தான். ஒன்பது வருடமாக வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன், நான் பார்த்த மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடத்தில்தான் தொடங்கின: அடுத்து ஒருவர் வரப்போகிறார் என்பதை மறந்துவிடுவது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் மனத்துக்குள் புழுங்குவது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் ஒட்டித்தான் வரும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

துண்டு இரண்டு எடுங்கள். ஒன்று முகம் துடைக்க, இன்னொன்று பெஞ்சின்மேல் விரிக்க. இரண்டுக்கும் ஒரே துண்டு என்றால், முன்னால் படுத்தவரின் வியர்வை உங்கள் முகத்துக்கும் உங்களுடையது அடுத்தவருக்கும் போகும். சப்பாத்து மூடியதாக இருக்க வேண்டும், செருப்போடு வந்தால் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள், அது நம் கால்விரல்களுக்காகத்தான்.

உடை துவைத்ததாக இருக்கட்டும். நேற்றுப் போட்ட டீசட்டை காய்ந்த பிறகு நமக்கு வாசனை தெரியாது, மறுபடி உடம்பு சூடானதும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். அதை மறைக்க வாசனைத் திரவியத்தை அள்ளித் தெளிப்பதும் வேண்டாம், மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த மணம் தொண்டையில் அடைக்கும். நம்மவர்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும்: தலைக்கு எண்ணெய் வைத்த அன்று பெஞ்சில் தலை படும் இடத்தில் துண்டைக் கட்டாயம் விரியுங்கள். கருப்பு ரெக்சின்மேல் எண்ணெய்க் கறை வெறும் தாளால் துடைத்தால் போகாது. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தால் நெற்றியில் இருக்கும் விபூதியும் சந்தனமும் வியர்வையோடு வழிந்து பயிற்சி விரிப்பில் (மேட்) படியும், கவனித்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவோடு டிரெட்மில்லில் ஏறவே ஏறாதீர்கள். முடியை இறுகக் கட்டுங்கள்.

காய்ச்சல், இருமல், சளி என்றால் அன்று போகவே வேண்டாம். குளிரூட்டிய மூடிய அறை அது. படர்தாமரை, சேற்றுப்புண், ஆறாத கொப்புளம் இருந்தாலும் அப்படித்தான், மருத்துவரைப் பார்த்துச் சரியான பிறகு வாருங்கள். படர்தாமரை தோல்பட்டும் பொதுத்துண்டு, மேட் வழியாகவும் ஒட்டிக்கொள்ளக்கூடியது.

நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். அரசாங்கத்தின் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் குறைந்த கட்டணம் கொடுத்து ஒருமுறை போய்வரலாம் என்பதால், வேலை முடிந்து எம்ஆர்டியில் இறங்கிய கூட்டம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை அங்கேதான் இருக்கும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முடிந்தால் நண்பகலை ஒட்டிப் போகலாம், உங்களுக்கும் நிம்மதி. மாலைதான் முடியும் என்றால், செய்ய நினைத்த ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு மாற்றுப் பயிற்சியை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். பெஞ்ச் கிடைக்கவில்லையா, டம்பெல் எடுங்கள். அதுவும் இல்லையா, ஓர் ஓரமாகத் தண்டால். இந்த ஏற்பாடு இருந்தால் யார்மேலும் எரிச்சல் வராது.

உள்ளே போனதும்

பையை லாக்கரில் வையுங்கள். பை, குடை, அலுவலகச் சப்பாத்து எல்லாம் பெஞ்சின் பக்கத்தில் கிடந்தால் பின்பக்கமாக நகரும் ஒருவர் தடுக்கி விழுவார், அதுவும் கையில் எடையோடு. நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது துண்டு, போத்தல், வேண்டுமானால் கைபேசி.

பிறகு ஒரு சுற்று நடந்து பாருங்கள். எது காலி, எங்கே யார் காத்திருக்கிறார்கள், யார் கடைசி செட்டில் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுதியில்) இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். காலியாகத் தெரியும் கருவிக்கு அருகில் ஒருவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அவர் ஓய்வில் இருக்கலாம். "யாராவது பயன்படுத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஒரு கருவியை இருவர் பகிர்வது

இதைத்தான் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கூட்டமான ஒரு ஜிம்மை ஓடவைப்பதே இதுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு செட்டுக்கு நாற்பது விநாடி, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, மொத்தம் நான்கு செட் என்றால் ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் நீங்கள் உண்மையில் எடையைத் தூக்கும் நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை. மீதி ஆறு நிமிடம் அந்தக் கருவி சும்மா நிற்கிறது, அந்த நேரத்தில் இன்னொருவர் தாராளமாகத் தன் செட்டைச் செய்யலாம், உங்களுக்கு ஒரு விநாடிகூடக் கூடப்போவதில்லை. இதே ஓய்வில் கைபேசியை எடுத்து வீடியோ பார்க்கத் தொடங்கினால் இரண்டு நிமிடம் ஐந்தாகும், ஒன்பது நிமிடப் பயிற்சி பதினெட்டு நிமிடமாகும். உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, நின்றுகொண்டிருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

கேட்பது எப்படி என்றால், அவர் எடையைக் கீழே வைக்கும்வரை பொறுங்கள். காதில் இயர்போன் இருந்தால் தோளைத் தொடாதீர்கள், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று கையை லேசாக உயர்த்துங்கள். பிறகு ஒரே வரி: "இன்னும் எத்தனை செட்?" ஒன்று, இரண்டு என்றால் காத்திருந்துவிடுங்கள். நான்கு, ஐந்து என்றால், "நடுவில நானும் செய்துக்கலாமா?" சீனரோ மலாய்க்காரரோ யாராக இருந்தாலும், "ஹௌ மெனி மோர் செட்ஸ்? கேன் ஷேர்?" என்றால் போதும், இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும், பத்தில் ஒன்பது பேர் "கேன், கேன்" என்றுதான் சொல்வார்கள். அங்கிள், ஆண்ட்டி என்று அழைப்பது மரியாதைதான், ஆனால் உங்களைவிட நன்றாக மூத்தவராக இருந்தால் மட்டும். நாற்பது வயதுப் பெண்ணை முப்பத்தைந்து வயது ஆள் ஆண்ட்டி என்று கூப்பிட்டால் பேச்சு அங்கேயே கெட்டுப்போகும். வெறும் "எக்ஸ்கியூஸ் மீ" யாருக்கும் வலிக்காது.

பகிரும்போது ஒவ்வொரு முறையும் எடையை மாற்றும் வேலை புதிதாகச் சேர்ந்துகொண்டவருடையது. நீங்கள் 30 கிலோ இழுக்கிறீர்கள், அவர் 45 என்றால் உங்கள் செட் முடிந்ததும் எடையைத் தேர்ந்தெடுக்கச் செருகும் பின்னை (ஊசியை) 45க்கு மாற்றிவிட்டு எழுந்திருங்கள், இருக்கையைத் துடையுங்கள், உயரத்தை மாற்றியிருந்தால் பழைய துளைக்கே கொண்டுவாருங்கள். பின் வைத்து எடை மாற்றும் கருவிகளில் இதெல்லாம் ஐந்து விநாடி வேலை. இரு முனையிலும் பிளேட் என்னும் வட்ட எடைகளை மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லில் அப்படி இல்லை. ஒருவர் 100 கிலோவும் இன்னொருவர் 40 கிலோவும் என்றால் ஒவ்வொரு முறையும் பிளேட்டுகளைக் கழற்றி மாட்டியே இருவரும் களைத்துவிடுவீர்கள், கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கான ரேக்கில் கொக்கியின் உயரமும் ஆளுக்கு ஆள் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் பகிரக் கேட்காமல், "முடிஞ்சதும் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு பயிற்சிக்குப் போய்விடுவது நல்லது. அவரும் "முடியாது, எடை ரொம்ப வித்தியாசம்" என்று சொல்லலாம், அதில் தவறே இல்லை, முகம் சுளிக்காதீர்கள்.

மாலை நேரத்தில் ஒருவர் இரண்டு மூன்று கருவிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாறி மாறிச் செய்வது வேண்டாம். காலை பதினொரு மணிக்கு ஆளே இல்லாதபோது செய்துகொள்ளுங்கள். அதேபோல, ஸ்குவாட் ரேக் என்பது ஜிம்மில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், கனமான கம்பியோடு செய்யும் ஸ்குவாட்டை வேறு எங்கும் பாதுகாப்பாகச் செய்வது கடினம். அதில் நின்று கைக்குச் சின்னப் பயிற்சி செய்பவர் அதே பயிற்சியை எந்த மூலையிலும் செய்யலாம்.

நண்பர்கள் நான்கு பேர் ஒரு பெஞ்சைச் சுற்றி நிற்பது அடிக்கடி நடக்கிறது. தேசிய சேவையில் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்து வருவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒருவனை ஒருவன் உற்சாகப்படுத்துவதைப் பார்த்தாலே நமக்கும் இன்னொரு செட் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் நால்வருக்கும் நான்கு செட் என்றால் பதினாறு செட். இரண்டு இரண்டாகப் பிரிந்து வேறு வேறு கருவிகளில் தொடங்குங்கள் தம்பிகளா.

எடையை எடுத்த இடத்தில் வைப்பது

2021இலிருந்து உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் முணுமுணுத்தவர்களும் இப்போது தன்னால் எடுத்து வைக்கிறார்கள். அதே கைகள் ஜிம்மில், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரெஸ் கருவியில் எட்டு பிளேட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. எட்டு பிளேட் என்றால், ஒன்று 20 கிலோ வீதம் 160 கிலோ. அடுத்து வருபவர் முட்டிவலிக்காக மருத்துவர் சொல்லி வந்திருக்கும் அறுபத்தைந்து வயதுப் பாட்டியாக இருக்கலாம். தன் பயிற்சியைத் தொடங்கும் முன் அவர் 160 கிலோவைக் கழற்ற வேண்டும், இல்லை, பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் ஓர் அம்மா இரண்டாவதைத்தான் செய்யப் பார்த்தார். நானும் இன்னொருவரும் சேர்ந்து கழற்றிக் கொடுத்தோம், "உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்" என்று அவர்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சிரமம் கொடுத்தவர் வேறு யாரோ, அதற்குள் குளித்துக்கொண்டிருந்திருப்பார்.

கழற்றும் முறையும் முக்கியம். ரேக்கில் இருக்கும் பார்பெல்லில் ஒரு பக்கம் முழுவதையும் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், எடை இருக்கும் பக்கம் சாய்ந்து கம்பி தூக்கி அடிக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழற்றுங்கள். வெறும் கம்பியே பொதுவாக 20 கிலோ, அது முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிளேட்டுகளை எடைப்படி அடுக்குங்கள், பெரியது கீழே. 2.5 கிலோவுக்கு முன்னால் 20 கிலோவை மாட்டிவைத்தால் சின்னதை எடுக்க நினைப்பவர் பெரியதைத் தூக்கிவிட்டுத்தான் எடுக்க முடியும், அந்தச் சின்னதைத் தேடுபவர் பெரும்பாலும் புதிதாக வந்தவராகத்தான் இருப்பார். டம்பெல்லை எண் பார்த்து அதன் இடத்தில் வையுங்கள். ஒரு ஜோடியில் ஒன்று இங்கும் ஒன்று அங்கும் கிடந்தால் ஒருவர் ஐந்து நிமிடம் ஜிம் முழுக்கத் தேடிக்கொண்டு திரிவார்.

மறந்துபோகும் சின்ன விஷயங்களும் உண்டு. டிரெட்மில்லின் சரிவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு இறங்குங்கள். கருவியின் பின்னைக் குறைந்த எடையில் விடுங்கள். கேபிளில் நீங்கள் மாட்டிய கயிற்றையும் பிடியையும் கழற்றி மாட்டுங்கள். பிளேட் நழுவாமல் கம்பியில் போடும் கிளிப்புகளைத் தரையில் விடாதீர்கள்.

வியர்வை

இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், வியர்வை சட்டென்று காயாது, வழியத்தான் செய்யும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வரும்போதே சட்டை நனைந்துவிடும். ஆகவே வியர்ப்பதைப் பற்றி யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, துடைக்காமல் போவதுதான் பிரச்சினை. துடைக்கும் மருந்து வைத்திருந்தால் அதைத் தாளில் அடித்துத் துடையுங்கள், நேராகக் கருவியின் திரையில் அடித்தால் உள்ளே போய்ப் பழுதாகும். பெஞ்சை மட்டும் துடைத்தால் போதாது, கைப்பிடியையும் துடையுங்கள், மேட்டில் முகம் படும் பக்கத்தையும் துடையுங்கள். துண்டு விரிப்பதும் துடைப்பதும் தனித்தனி வேலை, ஒன்று செய்தால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

துடைக்கும் சுத்தப்படுத்துநர் ஒருவர் இருக்கிறார்தானே என்று சிலர் சொல்வார்கள். அவர் ஒவ்வொரு செட்டுக்கும் பின்னால் வந்து நிற்க முடியாது. அவரைப் பார்த்தால் ஒரு வணக்கமோ ஒரு புன்னகையோ கொடுங்கள், பல ஜிம்களில் நாள் முழுவதும் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இடம், சத்தம், கண்

டம்பெல் அடுக்கின் முன்னாலேயே நின்று செய்யாதீர்கள், எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று அடி பின்னால் வாருங்கள், மற்றவர்களும் எடுக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துத் தன் முதுகு நேராக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். எடை தூக்கும் நடுவில் இருப்பவரின் அருகாக நடக்க வேண்டாம், அவர் வைக்கும்வரை நின்று போங்கள்.

எடையைத் தூக்கிப் போடுவது பற்றி: தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில், எடை கனமானால் சத்தம் வருவது இயல்பு, அதற்கென்று ரப்பர் விரித்த இடத்தில் செய்யுங்கள். 12 கிலோ டம்பெல்லைத் தோள் உயரத்திலிருந்து விடுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் இல்லை, அது உருண்டு அடுத்தவர் காலில்தான் நிற்கும். கடைசித் தூக்கலில் தன்னால் வரும் முனகலை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோ அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு டிரெட்மில்லில் நடப்பவருக்கு ஒரு வேண்டுகோள், அம்மாவோடு பேசுங்கள், வெளியே வந்து நிதானமாகப் பேசுங்கள். அவர்களும் உங்கள் முழுக் கவனத்தோடு பேசத்தான் ஆசைப்படுவார்கள்.

தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ஒருமுறை இரண்டு பேர், உடல் பருத்த ஒரு பெண் டிரெட்மில்லில் நடப்பதைப் பற்றித் தமிழில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும். நானும் அருகில்தான் இருந்தேன். அவர் கருவியை நிறுத்திவிட்டுப் போனார், அதற்குப் பிறகு நான் அவரை அங்கே பார்க்கவே இல்லை. அன்றே நான் அந்த இருவரிடமும் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

பார்வையும் அப்படித்தான். ஓய்வு நேரத்தில் கண் எங்கேயாவது நிலைத்து நிற்கும், நமக்கே தெரியாமல் ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்போம். பெண்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். கடிகாரத்தையோ உங்கள் போத்தலையோ பாருங்கள்.

கேட்காத அறிவுரையும் கேட்கும் உதவியும்

நான் முதல் மாதம் போனபோது ஒவ்வொரு நாளும் யாராவது ஓர் ஆண் வந்து, நான் செய்வது தவறு என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக அடுத்தவர் சொல்வார். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் மூன்றாவது வாரம் போகவே வேண்டாம் என்று நினைத்தேன். அதே ஜிம்மில் ஒரு சீனத் தாத்தா இருந்தார். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான் இருக்கையின் உயரத்தை மாற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோது தன் கருவியில் அந்த மஞ்சள் குமிழை எனக்குத் தெரியும்படி மெதுவாக இழுத்துக் காட்டினார், அவ்வளவுதான். மறுநாள் நானே போய் அவரிடம் கேட்டேன், பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காயம் படும் அபாயம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. கம்பியில் கிளிப் மாட்டவில்லை, டிரெட்மில் ஓடும்போதே ஏறப் பார்க்கிறார், பின் பாதிதான் நுழைந்திருக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள், சத்தமாக வேண்டாம். "பின் சரியா உள்ளே போகலைபோல" என்று கருவியைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்.

பெஞ்சில் படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரெஸ்ஸில் ஆள் நின்று உதவச் சொல்லிக் கேட்டால், முடிந்தவரை ஒப்புக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. முதலில் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை முறை செய்யப்போகிறார், கம்பியை எடுக்கும்போது தூக்கிக் கொடுக்க வேண்டுமா, எப்போது கை வைக்க வேண்டும். அவர் சொல்லும்வரை அல்லது மேலே தள்ளும்போது முடியாமல் கம்பி திரும்பக் கீழே இறங்கத் தொடங்கும்வரை தொடாதீர்கள், நடுவில் விரல் பட்டால்கூட அவருக்கு அந்த முறை கணக்கில் சேராது. தலைமாட்டில் நின்று கைபேசி பார்க்கவே கூடாது. கனமான எடையை நம்மால் பிடிக்க முடியாது என்று தோன்றினால் அதை முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை, "வேற ஒருத்தரையும் கூப்பிடலாம்" என்று சொல்லுங்கள்.

நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்கள் சிலர் நோன்பு திறப்பதற்கு முன்னால் லேசாகப் பயிற்சி செய்வார்கள். தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள், அவர்களுக்குத் தங்கள் உடம்பைத் தெரியும்.

கேமரா, உடைமாற்றும் அறை

தன் பயிற்சியைப் படமெடுத்துப் பார்ப்பதால் பயன் உண்டு, எடுங்கள். ஆனால் கைபேசியைச் சுவர் பக்கமாகவோ ஆள் இல்லாத பக்கமாகவோ திருப்பி வையுங்கள், நடைபாதையில் ஸ்டாண்டை நிறுத்தாதீர்கள், இன்னொருவர் சட்டகத்துக்குள் வந்தால் அவரை நகரச் சொல்லாதீர்கள், நீங்கள் நிறுத்துங்கள். அந்நியர் முகம் தெரியும் காணொளியைப் பதிவேற்ற வேண்டாம்.

உடைமாற்றும் அறையில் கைபேசி பைக்குள் இருக்க வேண்டும், செய்தி பார்க்கக்கூட வெளியே எடுக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒருவரின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம், பிரம்படி கிடைக்கலாம். நீங்கள் வெறுமனே வாட்ஸ்அப் பார்த்தாலும் எதிரில் உடைமாற்றுபவருக்கு அது தெரியாதே. மற்றபடி அங்கே கவனிக்க வேண்டியவை எளிது: குளித்த ஈரத்தோடு தரை முழுக்க நடக்காமல் உள்ளேயே துடைத்துக்கொள்ளுங்கள், வடிகாலில் சேர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போடுங்கள், நீள இருக்கையில் பையைப் பரப்பாதீர்கள்.

யாராவது மோசமாக நடந்துகொண்டால்

முதலில் ஒருமுறை மென்மையாகக் கேளுங்கள். தெரியாமல் செய்பவர்களே அதிகம். அதற்கும் மசியவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், முகப்பில் இருக்கும் ஊழியரிடம் போய்ச் சொல்லுங்கள், அது அவர் வேலை. படம்பிடித்து இணையத்தில் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். துண்டு போட்டு இடம் பிடித்த குற்றத்துக்கு ஒருவர் முகம் ஊர் முழுக்கச் சுற்றுவது அநியாயம். ஆனால் தொட்டாலோ, பின்தொடர்ந்தாலோ, ஆபாசமாகப் பேசினாலோ மென்மையெல்லாம் தேவையில்லை, அங்கேயே ஊழியரிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் 999ஐ அழையுங்கள், பார்த்தவர்கள் சாட்சியாகக் கூட நில்லுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால் கருவியை நிறுத்துங்கள், ஒருவர் 995க்கு அழைக்கட்டும், இன்னொருவர் ஊழியரிடம் ஏஇடி கருவியை (இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி) கேட்டு எடுத்து வரட்டும். மற்றவர்கள் காற்று வர விலகி நில்லுங்கள். முதல் நாள் போகும்போதே ஏஇடி எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுரிமை வீட்டு ஜிம், கீழ்த்தளத்து உடற்பயிற்சி மூலை, வீடு

கூட்டுரிமை வீடுகளில் (கொண்டோமினியம்) இரண்டு டிரெட்மில், ஒரு பெஞ்ச், ஒரு கேபிள் என்று அறையே சிறியது, ஊழியரும் இருக்கமாட்டார், அதனால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். விருந்தினரை அழைத்து வரும் விதியை நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விளையாட விடாதீர்கள், டிரெட்மில்லின் பட்டையில் விரல் மாட்டுவது நொடியில் நடக்கும். கடைசியாக வெளியேறுபவர் குளிரூட்டியை அணையுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் உடற்பயிற்சி மூலைகள் காலையில் மூத்தோருடையவை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மெதுவாகச் செய்வார்கள், நடுவில் உட்கார்ந்து பேசுவார்கள், அந்தப் பேச்சும் அவர்களுக்குப் பயிற்சிதான். நீங்கள் புல்அப் கம்பியில் தொங்க ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். இரவு பத்தரைக்கு மேல் அங்கே பாட்டு போடாதீர்கள், இரண்டாம் மாடியில் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். வீட்டுக்குள் பயிற்சி செய்பவர்களும் கீழ்வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், மேட் இரண்டு விரியுங்கள், குதிக்கும் பயிற்சிகளை மாலைக்குள் முடியுங்கள்.

கிளம்பும்போது

நீங்கள் கடைசியாக இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். போத்தல், கிளிப், துடைத்த தாள், பாதி மடித்த மேட், ஏதாவது ஒன்று கிடக்கும். லாக்கரைக் காலி செய்து பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் எனக்கு வேண்டும் என்று பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மூடும் நேரம் ஒன்பதரை என்றால் ஒன்பதே காலுக்குக் கடைசி செட்டை முடித்துவிடுங்கள், ஊழியருக்கும் பிடிக்க வேண்டிய பேருந்து ஒன்று இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு துண்டுகளையும் பையிலிருந்து எடுத்து அன்றே துவைக்கப் போடுங்கள். ஓரிரவு பைக்குள்ளேயே கிடந்தால் அடுத்த முறை லாக்கரைத் திறக்கும்போது வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.